கோழி அடையை விட்டு எழுந்துவிட்டது, 11 முட்டை கையில் இருக்கிறது, என்ன செய்ய?

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 6, காலை 6:52

எல்லோருக்கும் வணக்கம். வாடகை வீடு, மேலே மொட்டை மாடி, அங்கே தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சிறுவிடைக் கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். ஜூன் 28 சாயங்காலம் 11 முட்டை அடை வைத்தேன். நன்றாகத்தான் உட்கார்ந்தது, கையைக் கொண்டுபோனால் உடம்பை உப்பிக்கொண்டு கொத்த வரும், அவ்வளவு கெட்டி. நேற்று ராத்திரி திடீரென்று கூடையை விட்டு இறங்கிக் கைப்பிடிச் சுவர் மேல் போய் நின்றுகொண்டது. பிடித்து உள்ளே வைத்தால் அடுத்த நிமிடம் வெளியே. காலை ஐந்து மணிக்கு முட்டையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு போய்விட்டது, ஆனால் சில்லென்றும் ஆகவில்லை.

இப்போதைக்குப் பழைய லுங்கியில் சுற்றி செட்டாப் பாக்ஸ் மேல் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், வீட்டில் எந்நேரமும் சூடாக இருக்கிற சாமான் அது ஒன்றுதான். பையனுக்கு ஒன்பது வயது, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பெயர் எழுதி வைத்திருக்கிறான், புலி, சிங்கம், குண்டன் என்று. தூக்கிப் போடலாம் என்று வாயைத் திறந்தாலே அழுகிறான். இன்குபேட்டர் வாங்க இந்த மாதம் முடியாது. கோழி செய்கிறதை நாமே செய்ய முடியுமா? இன்னும் 13 நாள் பாக்கி.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 6, காலை 7:20

தம்பி, முதலில் கூடையைப் பார். எட்டு நாள் உட்கார்ந்த கோழி சும்மா எழுந்திருக்காது. கூடையில் இருக்கிற மண்ணை வெள்ளைத் துணியில் கொட்டித் தட்டிப் பார், மிளகாய்த்தூள் மாதிரி ஏதாவது நகர்ந்தால் அது பேன். பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும், எந்தத் தாய்க்கோழியும் தாங்காது.

அப்புறம் அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது அடையில் கோழி இருக்கிறதா என்று கேள். இருந்தால் இருட்டினதும் சத்தம் போடாமல் வயிற்றுக்கு அடியில் நாலைந்து முட்டையைத் தள்ளிவிடு. பகலில் வைத்தால் சில கோழி கண்டுபிடித்து வெளியே உருட்டிவிடும்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 6, காலை 7:48

அக்கா, பேன்தான். துணி முழுக்க ஊர்கிறது, எனக்கே கை அரிக்கிறது. கூடையைக் கொளுத்தியாகிவிட்டது, கோழிக்குச் சாம்பல் தேய்த்துவிட்டேன். இந்தத் தெருவில் என்னைத் தவிர யாரும் கோழி வளர்க்கவில்லை, எல்லாம் புறாக்காரர்கள்.

மாதவரம்_மாணவன் | ஜூலை 6, காலை 8:31

நான் மாதவரம் பால் பண்ணைப் பக்கம் கால்நடைப் படிப்பு படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை, அதனால் டாக்டர் என்று கூப்பிட வேண்டாம்.

அண்ணா, ஒரு ராத்திரி சூடு விட்டதால் மட்டும் எல்லாம் போயிருக்காது. ஜூலை மாதம் சென்னையில் ராத்திரியே 27, 28 டிகிரி இருக்கும், கருவுக்கு வளர்ச்சி மெதுவாகுமே தவிர உடனே சாகாது. முதலில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை உள்ளங்கையால் மூடி, விரல் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும்படி செய்து, முட்டையின் பருத்த பக்கத்தை அதன் மேல் வையுங்கள். எட்டாம் நாள் முட்டையில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும், கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாக மின்னினால் சேவல் சேராத முட்டை. நரம்பு எதுவும் இல்லாமல் ஓர் ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு ஏற்கெனவே செத்துவிட்டது.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். பேனை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வியாசை_வயர்மேன் | ஜூலை 6, காலை 9:05

தல, காசிமேடு பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்குபேட்டருக்குக் கவலைப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். துறைமுகத்துக்குப் போய் மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள், மூடி சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்து. ஐஸ் உருகாமல் காக்கிற பெட்டி சூடு போகாமலும் காக்கும், பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

உள்ளே 25 வாட் குண்டு பல்பு இரண்டு. எல்இடி போட்டுவிட்டு சூடு வரவில்லை என்று இங்கே வந்து கேட்காதீர்கள், அதில் வெளிச்சம்தான் வரும். ஒன்றே போதும், ஆனால் ராத்திரி ஒன்று ஃபியூஸ் ஆனால் மற்றது தாங்கும், அதற்காக இரண்டு. பல்பைச் சுற்றித் தகர டப்பா போடுங்கள், தெர்மாகோலில் பட்டால் உருகித் தீப்பிடிக்கும், அதோடு புதிதாகப் பொரித்த குஞ்சு தடுமாறிப் பல்பு மேல் போய் விழும். ரிச்சி தெருவில் டபிள்யூ1209 என்று கேட்டால் கட்டைவிரல் நீளத்தில் ஒரு போர்டு தருவார்கள், நீங்கள் வைத்த டிகிரி வந்ததும் பல்பை அணைக்கும், இறங்கினால் போடும். அதற்கு ஒரு 12 வோல்ட் அடாப்டர், பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. ஃபேன் முட்டை மேல் நேராக அடிக்கக்கூடாது, சுவரைப் பார்த்து ஊதட்டும். பக்கத்துக்கு இரண்டு ஓட்டை, பேனா நுழைகிற அளவு, உள்ளே இருக்கிறது மூச்சு விட வேண்டுமே.

கடைசியாக, இதை மறந்தால் என்னைத் திட்டாதீர்கள்: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று, மூடி இறுக்கி உள்ளே வையுங்கள். கரண்ட் போனால் அந்தத் தண்ணீரின் சூடுதான் உங்கள் கோழி.

மொட்டைமாடி_புறா | ஜூலை 6, காலை 10:14

எல்லோரும் பல்பு ஃபேன் என்று போய்விட்டீர்கள், அவர் கேட்டது கோழி செய்கிறதை நாம் செய்ய முடியுமா என்று. நான் செய்து பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கோழி அடைக்கு உட்காருமுன் வயிற்றில் இருக்கிற சிறகை உதிர்த்துவிடும், அந்த வெறுந்தோல் நேராக முட்டை மேல் படும், கோழியின் உடம்பு நம்மைவிடச் சூடு, 40 டிகிரிக்கு மேல். அதாவது சூடு மேலேயிருந்து மட்டும் வருகிறது, முட்டையின் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி. காற்றையே சூடாக்கி எல்லாப் பக்கமும் வேக வைக்கிறது கிடையாது. நான் ரெண்டு வருஷம் முன்னால் ஒரு கூடையில் மணல் போட்டு, முட்டையைப் பரப்பி, மேலே சுடுதண்ணீர் ரப்பர் பை, அதுக்கு மேல் தலையணை என்று வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன், ராத்திரி அலாரம் வைத்து எழுந்து மாற்றினேன், வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. 12 முட்டையில் இரண்டு பொரித்தது. அதில் ஒன்றுக்குக் கால் கோணல்.

வியாசை_வயர்மேன் | ஜூலை 6, காலை 10:20

இரண்டு குஞ்சுக்கு இருபத்தொரு ராத்திரி. அண்ணன் நிஜமாகவே தாய்க்கோழிதான்.

மொட்டைமாடி_புறா | ஜூலை 6, காலை 10:33

கிண்டல் பண்ணு, பரவாயில்லை. 2017ல் பாரிஸில் அப்ரகாம் பொன்ஷெவால் என்று ஒரு கலைஞர் அருங்காட்சியகத்தில் கண்ணாடி அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்க வைத்தார், ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் எழுந்திருப்பார். அதுவும் கோழியிடம் கற்றதுதான், அது ஒரு நாளைக்கு ஒருமுறை கால்மணி இருபது நிமிடம் இறங்கி, தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும்.

மாதவரம்_மாணவன் | ஜூலை 6, பகல் 1:02

புறா அண்ணா சொன்ன தத்துவம் சரி, தோற்றது ரப்பர் பையில். தண்ணீர் மாற்றினதும் முட்டையின் மேல்பக்கம் அளவுக்கு மீறிச் சுடும், அடுத்த தடவை மாற்றுவதற்குள் ஆறிவிடும். கோழிக்கு அப்படி ஏறி இறங்காது, முட்டை சூடாக இருந்தால் தூக்கி உட்காரும், ஆறினால் அழுத்தி உட்காரும்.

எண் இதுதான்: ஃபேன் வைத்த பெட்டி என்றால் 37.5 முதல் 37.8 வரை. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு காற்று மேலே தேங்கும், அதில் முட்டையின் மேல்பரப்பு உயரத்தில் 38.5 டிகிரி வரும்படி வைக்க வேண்டும். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருப்பது கோழிக்கு அடியில் இருப்பது போலத்தான். ஆனால் முதல் தடவை செய்பவர் ஃபேன் வைத்தே செய்யுங்கள். 39ஐத் தாண்டினால்தான் பயம், கொஞ்சம் குறைந்தால் தாமதமாகும், கூடினால் செத்துப்போகும்.

எண்ணூர்_காற்று | ஜூலை 6, பகல் 1:40

நடுவில் ஒரு சந்தேகம், கடையில் வாங்கின முட்டையை இப்படி வைத்தால் பொரிக்குமா?

செங்குன்றம்_அக்கா | ஜூலை 6, பகல் 1:44

பொரிக்காது கண்ணு. நாமக்கல் பண்ணையிலிருந்து வரும் வெள்ளை முட்டைக்குச் சேவலே கிடையாது. ஆம்லெட் போடு.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 7, இரவு 12:25

பெட்டி ரெடி, முட்டை உள்ளே. டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒன்று கூமுட்டை, ஒன்று ரத்த வளையம், மீதி ஒன்பதிலும் நரம்பு தெரிந்தது. குண்டனை வைத்தபோது உள்ளே ஒரு புள்ளி வெடுக்கென்று நீந்தியது, பையன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடவில்லை.

காசிமேட்டில் பெட்டி கொடுத்தவர் என்ன மீனுக்கு என்று கேட்டார், கோழிக்கு என்றேன், ஒரு மாதிரி பார்த்தார். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டு மூன்று தடவை கழுவி வெயிலில் காயவைத்தும் வஞ்சிரம் வாசனை போகவில்லை, பல்பு சூட்டில் இன்னும் தூக்குகிறது. இப்போது வாசலில் இரண்டு பூனை உட்கார்ந்திருக்கிறது. மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

ஈரப்பதத்துக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கணுமா? எல்லா வீடியோவிலும் வைக்கிறார்கள்.

மாதவரம்_மாணவன் | ஜூலை 7, காலை 7:10

18ஆம் நாள் வரை 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. வீடியோவெல்லாம் பெங்களூரு, கோயம்புத்தூர், வெளிநாடு. நம் ஊரில் வேண்டாம் அண்ணா. வெளியே 32 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம் இருக்கிற கடற்கரைக் காற்று பெட்டிக்குள் வந்து 37.7க்குச் சூடானால் தானாகவே 55 பக்கம் இறங்கிவிடும், சூடான காற்று அதிக ஈரம் தாங்கும் என்பதால். தண்ணீரும் வைத்தால் முட்டைக்குள் இருக்கிற நீர் வற்ற வழியில்லாமல் போகும். 18 நாளில் முட்டை தன் எடையில் 12, 13 சதவீதம் இழக்க வேண்டும், அந்த இடத்தில்தான் பருத்த பக்கத்தில் காற்றறை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சை அதில்தான் விடும். அது சின்னதாக இருந்தால் மூக்கு வைக்க இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே மூழ்கின மாதிரி செத்துவிடும். டார்ச் அடித்துக் காற்றறை விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், பெரிதாகிறதா என்று தெரியும்.

புரட்டுவதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படையாக இருந்தால் ராத்திரி நீண்ட நேரம் ஒரே பக்கம் படுப்பது தினமும் மாறும். புரட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழி இதைவிட எத்தனையோ தடவை அலகால் புரட்டும், ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றும், நீங்களும் இடம் மாற்றி வையுங்கள்.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 7, காலை 7:31

புரட்டும்போது கையைக் கழுவிக்கொள். எண்ணெய்க் கையோடு தொடாதே.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 9, இரவு 10:50

ஒரு சிக்கல். போர்டில் 37.7 காட்டுகிறது, ஆனால் முட்டையைத் தொட்டால் எனக்குச் சூடாகவே தெரியவில்லை. என் கை காய்த்துப்போன கையா, போர்டு பொய் சொல்கிறதா?

செங்குன்றம்_அக்கா | ஜூலை 9, இரவு 10:58

கையை நம்பாதே, கண்ணில் ஒற்றிப் பார். இமை மேல் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. எங்கள் ஆயா அப்படித்தான் பார்ப்பாள்.

மாதவரம்_மாணவன் | ஜூலை 9, இரவு 11:15

அக்கா சொல்வது வெறும் கைவைத்தியம் இல்லை. எகிப்தில் பழங்காலத்திலிருந்து மண்ணால் சூளை மாதிரி கட்டி ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்க வைத்தார்கள், தெர்மாமீட்டர் கிடையாது, அங்கே வேலை செய்தவர்களும் கண்ணிமையில் வைத்துத்தான் சூடு பார்த்தார்கள். ஆனால் உங்களிடம் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இருக்குமே அண்ணா? டம்ளரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து தெர்மாமீட்டர் 37.7 காட்டும் வரை சரிசெய்யுங்கள், அதே டம்ளரில் போர்டின் சென்சார் முனையை விட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 9, இரவு 11:52

டம்ளரில் 37.7, போர்டில் 39.2. அதாவது மூன்று நாளாக உள்ளே 36.2தான் இருந்திருக்கிறது. என் பங்குக்கு இன்னொரு முட்டாள்தனம், சென்சாரைப் பல்பு பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். இப்போது முட்டைகளுக்கு நடுவே, அதே உயரத்தில் வைத்து, போர்டில் 39.2 என்றே வைத்துவிட்டேன். இமையில் ஒற்றிப் பார்த்தேன், இதமாக இருக்கிறது. வீட்டம்மா ஒரு முட்டையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், கண்வலிக்கு நன்றாக இருக்கிறதாம்.

வியாசை_வயர்மேன் | ஜூலை 10, காலை 6:40

மலிவு சென்சாரில் இது சகஜம் தல, நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குறைவாக ஓடியதால் பிழைத்தீர்கள். அதே ஒன்றரை டிகிரி மேலே போயிருந்தால் அவித்த முட்டை.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 12, இரவு 2:37

கரண்ட் இல்லை. பத்தரைக்கு இடி, மழை, அதோடு போனது, நாலு மணி நேரம் ஆகிறது. போர்வை, பாய், மழைக்கோட்டு எல்லாவற்றையும் பெட்டி மேல் சுற்றிவிட்டேன், காற்று ஓட்டையை மட்டும் விட்டிருக்கிறேன். கைவிளக்கில் தெர்மாமீட்டரைப் பார்த்தேன், முதல் இரண்டு மணி நேரத்தில் 35.4க்கு இறங்கியது, இப்போது 34. பாட்டில் தண்ணீரை மட்டும் எடுத்து அடுப்பில் காய்ச்சி ஊற்றட்டுமா?

மொட்டைமாடி_புறா | ஜூலை 12, இரவு 2:41

நானும் முழித்துத்தான் இருக்கிறேன், எங்கள் பக்கமும் இல்லை. ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர், கொதிதண்ணீர் வேண்டாம், நான் செய்த தப்பு அதுதான். பாட்டிலைத் துணியில் சுற்றி முட்டையில் படாமல் ஓரத்தில் வை. மூடியைப் படக்கென்று திறந்து படக்கென்று மூடு.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 12, காலை 5:15

இடி இடித்ததா? பெட்டிக்குள் ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு வை. இல்லாவிட்டால் இடிக்கு முட்டை கலங்கிவிடும்.

வியாசை_வயர்மேன் | ஜூலை 12, காலை 6:30

மிளகாய் போட்டால் ஆம்லெட் வேலை பாதி முடிந்துவிடும் அக்கா.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 12, காலை 6:34

நீ பேசாதே. உங்கள் வீட்டிலும் ஆயா போட்டிருப்பாள்.

மாதவரம்_மாணவன் | ஜூலை 12, காலை 8:20

இடிச் சத்தத்தால் கரு சாவதில்லை. ஆனால் இடி மழை நாளில் கோழி பயந்து எழுந்திருக்கும், கூடை நனையும், ராத்திரி சூடு விடும், காலையில் பார்த்தால் முட்டை கெட்டிருக்கும், பழி இடிக்குப் போகும். ஓர் ஆணியால் கெடுதல் ஒன்றும் இல்லை, வைப்பதானால் வையுங்கள், ஒயரில் மட்டும் படக்கூடாது. மற்றபடி 34க்கு இறங்கியது பரவாயில்லை. இந்த வாரத்தில் கருவுக்கே கொஞ்சம் சொந்தச் சூடு வரத் தொடங்கும், கடைசி வாரம் பெட்டியில் பல்பு அதிகம் எரியாமல் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 12, இரவு 9:05

கரண்ட் காலை நாலு மணிக்கு வந்தது. இன்று டார்ச் அடித்ததில் எட்டு உயிரோடு, ஒன்றில் அசைவே இல்லை, நரம்பு கறுத்திருந்தது, மோந்தால் லேசாக நாற்றம். எடுத்து மாடித் தொட்டியில் ஆழப் புதைத்துவிட்டோம், அது சிங்கம். ஆணியும் கரித்துண்டும் வைத்திருக்கிறேன் அக்கா. மிளகாய்க்கு வீட்டம்மா சம்மதிக்கவில்லை.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 12, இரவு 9:20

எடுத்தது நல்லது. விட்டிருந்தால் உள்ளேயே வெடித்து மற்றதையும் கெடுக்கும், அந்த நாற்றம் ஒரு வாரம் போகாது.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 16, இரவு 8:15

இன்று 18ஆம் நாள். டார்ச்சில் முக்கால் முட்டை கறுப்பு, மேலே காற்றறை மட்டும் வெளிச்சம், சாய்வாக இறங்கியிருக்கிறது. புரட்டுவதை நிறுத்திவிட்டேன், ஈரச் சணல் துணியும் ஒரு தட்டில் தண்ணீரும் வைத்துவிட்டேன், தட்டின் மேல் கொசுவலைத் துண்டு கட்டி, குஞ்சு விழாமல். தரையில் நியூஸ்பேப்பருக்குப் பதில் பழைய டவல், வழுக்கினால் கால் விரிந்துவிடும் என்று படித்தேன். ஊரில் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார்களே, அதைச் செய்யலாமா?

செங்குன்றம்_அக்கா | ஜூலை 16, இரவு 8:22

செய்யலாம், நாங்கள் எப்போதும் செய்வோம். உயிர் இருக்கிற முட்டை தண்ணீரில் குதி போடும், பிள்ளைக்குக் காட்டு.

மாதவரம்_மாணவன் | ஜூலை 16, இரவு 8:40

வேண்டாம் அக்கா. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அதோடு இன்றிலிருந்து மூடியையே திறக்கக்கூடாது, திறந்தால் ஈரக்காற்று வெளியேறி உள்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 16, இரவு 8:43

சரி, படித்த பிள்ளை சொல்கிறது. எங்களுக்குப் பொரிக்காமலா போயிற்று?

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 18, இரவு 11:30

சத்தம் கேட்கிறது!! பெட்டிச் சுவரில் காதை வைத்தால் கீச் கீச் என்று ரொம்ப மெல்லிசாக. ஓட்டில் எதுவும் தெரியவில்லை, உள்ளேயிருந்துதான். பையன் வாயால் கொக் கொக் என்று மெதுவாகக் கூப்பிடுகிறான், கூப்பிட்டால் பதில் வருகிறது, சத்தியமாக.

மொட்டைமாடி_புறா | ஜூலை 18, இரவு 11:38

தாய்க்கோழியும் அப்படித்தான் பேசும், கடைசி இரண்டு நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடித்தொண்டையில் கொக்கொக்கென்று. பையனைத் தடுக்காதே. இதை எந்த இன்குபேட்டரிலும் வைத்துத் தரமாட்டார்கள்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 19, மாலை 5:10

21ஆம் நாள் ஆகிவிட்டது. மூன்று முட்டையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். புலி காலை ஏழு மணிக்கே விரிசல் விட்டது, பத்து மணி நேரம் ஆகிறது, அதே ஓட்டைதான், அலகு நுனி மட்டும் தெரிகிறது. பிய்த்துவிடட்டுமா?

மாதவரம்_மாணவன் | ஜூலை 19, மாலை 5:12

தொடாதீர்கள்.

வியாசை_வயர்மேன் | ஜூலை 19, மாலை 5:12

கையை எடு தல.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 19, மாலை 5:15

வேண்டாம்டா தம்பி.

மாதவரம்_மாணவன் | ஜூலை 19, மாலை 5:24

காரணம் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாள் ஓட்டுக்கு உட்புறம் ஒட்டின சவ்வின் ரத்தக்குழாய் வழியாகத்தான் அது மூச்சு விட்டது. இப்போது நுரையீரலுக்கு மாறிக்கொண்டிருக்கிறது, அதே நேரத்தில் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே பார்க்கச் சும்மா இருப்பது போல இருக்கும். நீங்கள் பிய்த்தால் குழாய் அறுந்து ரத்தம் கொட்டும். முதல் விரிசலிலிருந்து 24 மணி நேரம்கூட ஆகலாம். உங்களுக்கு மூன்று நாள் சூடு குறைவாக இருந்தது, கரண்டும் போனது, அதனால் நாளை வரை எதிர்பார்த்தேன்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 20, காலை 6:05

புலி வந்துவிட்டான்! மூன்றரை மணிக்கு ஓட்டைச் சுற்றி வட்டமாக வெட்ட ஆரம்பித்து, நடுநடுவே தூங்கி, நாலரைக்கு மூடியை உதைத்துத் தள்ளினான். நனைந்த எலிக்குட்டி மாதிரி இருந்தான், வீட்டம்மா இதுவா கோழி என்று கேட்டாள். இப்போது காய்ந்து மஞ்சள் பந்து. இவன் உருண்டு இடித்ததில் பக்கத்தில் இன்னும் இரண்டு வெட்டத் தொடங்கிவிட்டது.

மாதவரம்_மாணவன் | ஜூலை 20, காலை 7:00

வாழ்த்துகள் அண்ணா. காய்கிற வரை உள்ளேயே இருக்கட்டும், தீனிக்கு அவசரமில்லை, வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தாங்கும். வெளியே எடுத்ததும் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். நம் ஊர் வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது, குஞ்சு கூட்டமாக ஒட்டி நின்றால் குளிர், வாயைப் பிளந்து தள்ளி நின்றால் சூடு. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 21, இரவு 9:40

கணக்கு சொல்லிவிடுகிறேன். எட்டில் ஆறு. ஒன்று ஓட்டையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டது, காத்திருந்து பார்த்தோம், சத்தம் அடங்கிவிட்டது. இன்னொன்று குண்டன். அவன் விரிசலே விடவில்லை. உடைத்துப் பார்க்கச் சொன்னார்கள், பையன் விடவில்லை, அப்படியே புதைத்தோம்.

தாய்க்கோழியிடம் விட்டுப் பார்க்கலாம் என்று இருட்டினதும் இரண்டு குஞ்சை அதன் பக்கத்தில் வைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒன்றின் மண்டையில் ஒரு கொத்து. உடனே எடுத்துவிட்டேன்.

செங்குன்றம்_அக்கா | ஜூலை 21, இரவு 9:55

அடை தெளிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே, அதற்கு இனி இது யார் வீட்டுக் குஞ்சோ. பெட்டியிலேயே வளர்த்துக்கொள். நொய் கொடு, கேழ்வரகு கொடு, தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வை, முங்கிவிடும். அடுத்த அடைக்குக் கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போட மறக்காதே.

வியாசை_வயர்மேன் | ஜூலை 21, இரவு 10:10

செட்டாப் பாக்ஸில் ஆரம்பித்து ஆறு குஞ்சு. அடுத்து வாத்துக்கு எப்போது தல? அது 28 நாள், இப்போதே கரண்டுக்கு இன்வெர்ட்டர் பார்த்து வையுங்கள்.

தண்டையார்பேட்டை_மாடி | ஜூலை 29, காலை 7:25

ஆறும் நன்றாக இருக்கின்றன, சொட்டு மருந்து போட்டாகிவிட்டது, பையன் பள்ளியிலிருந்து வந்து கொக் கொக் என்றால் ஆறும் ஓடிவந்து அவன் செருப்பில் ஏறிக்கொள்கின்றன. வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, காலை அஞ்சு மணிக்குக் கூவுகிற வயசு வந்ததும் சொல்வார்.

குஞ்சுகளை அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, மீன் பெட்டியைக் கழுவி மாடியில் காயப்போட்டிருந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் கோழி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது, எழுப்பினால் அடியில் ஒரு முட்டை, இன்னும் சூடாக. பையன் பென்சில் எடுத்துவந்து குண்டன் என்று எழுதிவிட்டான்.